பதினோராவது நாள் கடிதம்

"நீ அந்த மூணு நாள் மட்டும் சும்மா இருந்திருந்தா போதும், பிரமிளா. ஆறு வருஷ வேலை உள்ள போயிருக்கும்."

இதுதான் அவர் சொன்னது. நான் ஒரு எழுத்தைக்கூடச் சேர்க்கவில்லை. அதற்கு நான் என்ன சொன்னேன் என்றும் கேட்டுக்கொள். "சும்மா இருக்கறதா? நானா? கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல இந்த வீட்டுல நான் என்னைக்கு சும்மா இருந்தேன்? ஒரு தேதி சொல்லுங்க பார்க்கலாம்" என்றேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனவர்தான். நாலு மாதம் ஆகிறது.

உட்காரும்மா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். எத்தனையோ வருஷமாக ஆடுகிறது. உலகத்தில் இருக்கிற கம்ப்யூட்டரையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்து வைக்கிறவருக்கு ஒரு நாற்காலிக் காலைச் சேர்த்து வைக்க நேரமில்லை. இப்படி சோபாவில் உட்கார். பெயர் என்ன சொன்னாய், நஸ்ரீனா? சென்னையிலிருந்து காலை ரயிலில் ஏறி, திருச்சி வெயிலில் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாய். போன் பண்ணிவிட்டு வந்திருக்கலாமே என்று நான் சொல்லமாட்டேன். பண்ணியிருப்பாய். அவர் எடுத்திருக்கமாட்டார்.

உன் பையில் ஒட்டியிருக்கிறதே அந்த ஒற்றைக்கால் நாரை, அதைப் பார்த்ததுமே ஆள் யாரென்று புரிந்துவிட்டது. அவர் லேப்டாப்பிலும் அதே நாரைதான். என் முகத்தைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறார்.

கூப்பிடுகிறேன், கூப்பிடுகிறேன். அவசரப்படாதே. காபியைக் குடி முதலில். அவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்கள் எல்லாரும் அவரைப் பற்றி என்ன நினைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். திமிர் பிடித்தவன், வாய்த்துடுக்கு, ஊர் பேர் தெரியாத ஒரு கிழவனுக்கு இவ்வளவு கொழுப்பா. சொல், நினைத்தீர்களா இல்லையா? தலையை ஆட்டாதே. நினைத்தீர்கள். நானாக இருந்தாலும் நினைத்திருப்பேன்.

அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் இருந்தார். முசிறிக்காரர், டிப்ளமா படிப்பு, எல்லாம் தமிழில் படித்தவர். விருப்ப ஓய்வு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். அவரோடு ஓய்வு வாங்கினவர்கள் ஒருத்தர் ஜெராக்ஸ் கடை வைத்தார், ஒருத்தர் பேரனை ஸ்கூலுக்குக் கூட்டிப்போனார், ஒருத்தர் தினமும் காவிரிக்குக் குளிக்கப் போனார். இவர் உங்கள் ஹெரானைக் கண்டுபிடித்தார், அந்த நாரையை. யாரோ எழுதின இயங்குதளமாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமாம், யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து எழுதலாமாம். பழைய கம்ப்யூட்டரில்கூட நன்றாக ஓடுமாம். "நல்லதுதான், நாமளும் பழசுதானே" என்றேன். சிரித்தார். அப்போதெல்லாம் சிரிப்பார்.

ஒரு நாள் காலையில் சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு சொன்னார், "பிரமிளா, உலகத்துல நம்பர் தீர்ந்துபோச்சு."

"வீட்டுல கேஸ் தீர்ந்துபோச்சு. அது தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

உனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் எனக்கு அவர் எப்படிச் சொன்னார் என்று கேள். நம் ஊரில் ஆறு இலக்க டெலிபோன் நம்பர் போதாமல் முன்னால் ஒரு இரண்டைச் சேர்த்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு எங்கே இருக்கும், நீ குழந்தை. அந்த மாற்றத்தில் இவர் வேலை பார்த்தவர். இணையத்திலும் அதேதானாம். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு முகவரி வேண்டும், பழைய முகவரிகள் தீர்ந்துவிட்டன, நீளமான புது முகவரிகள் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஹெரானுக்கு மட்டும் இன்னும் பழசுதான் தெரியும். "எல்லாரும் ஏழு நம்பர் டயல் பண்றாங்க, இது மட்டும் ஆறோட நிக்குது. பாவமா இருக்கு" என்றார். மெஷினைப் பார்த்துப் பாவம் என்கிறவரை நீ பார்த்திருக்கிறாயா? நான் தினமும் பார்த்தேன்.

அதில் ஒரு விஷயம் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். புது முறையில் ஒரு மெஷின் கண் விழித்ததும் தனக்கு ஒரு முகவரியை நினைத்துக்கொள்ளுமாம். உடனே எடுத்துக்கொள்ளாதாம். அக்கம்பக்கத்தில் கேட்குமாம், 'இந்த முகவரி யார்கிட்டயாவது இருக்கா?' கேட்டுவிட்டு ஒரு நொடி காத்திருக்குமாம். யாரும் பதில் சொல்லவில்லை என்றால்தான் அது தன்னுடையதாம். "பாரு, எவ்வளவு மரியாதை!" என்பார். சாப்பிடும்போது சொல்வார், துணி மடிக்கும்போது சொல்வார். நான்தான் கேட்டேன், "பதில் சொல்ல வேண்டியவன் தூங்கிட்டிருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று. கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். இரண்டு நாள் அதையே யோசித்து, அதற்கென்று தனியாக ஏதோ எழுதிச் சேர்த்தார். அந்த நாற்பத்தொன்றில் முப்பத்தாறாவது. போய்ப் பார். அது என் கேள்வி.

நாற்பத்தொன்று என்றால் உனக்குத் தெரியும். மொத்தமாக ஒரு மூட்டையைத் தூக்கிப் போட்டால் அங்கே வாங்கமாட்டார்களாம். அதனால் எழுதினதை நாற்பத்தொரு துண்டாக்கினார், ஒரு துண்டுக்கு ஒரு வேலை. ஒவ்வொரு துண்டுக்கும் மேலே ஒரு கடிதம், இது என்ன, எதற்கு, ஏன் இப்படி என்று, ஹெரான்காரர்கள் எல்லாரும் படிக்கிற அந்த மெயில் லிஸ்ட்டுக்கு. எல்லாம் இங்கிலீஷில். இங்கிலீஷுக்கு அவர் எங்கே போவார்? முதல் கடிதத்தை அவரே எழுதி என்னிடம் காட்டினார். வாசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். நான் ஹோலி கிராஸ் மாதிரிப் பெரிய கான்வென்ட்டில் படித்தவள் இல்லை, சின்னக் கான்வென்ட்தான், ஆனால் எங்கள் சிஸ்டர் அனன்சியாட்டாவிடம் ஒரு காற்புள்ளி தப்பினால் வராந்தாவில் நிற்கவேண்டும். கட்டுரைப் போட்டியில் மூன்று வருஷம் தொடர்ந்து முதல் பரிசு. அந்தப் பரிசுப் புத்தகங்களைக் கல்யாணத்துக்கு அப்புறம் என்ன செய்தேன் என்று கேட்காதே. அலமாரிக்குமேல் இருக்கின்றன, கரப்பானுக்கு.

அதனால் கடிதங்களை நான் எழுதினேன். மதியம் இரண்டு மணிக்குப் பாத்திரம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால் நாலு வரைக்கும். அவர் தமிழில் சொல்வார், நான் இங்கிலீஷில் எழுதுவேன். "இதுல மரியாதை போதுமா?" என்று கேட்பார். "போதும், காலில் விழவேண்டியதுதான் பாக்கி" என்பேன். ஆறு வருஷம் இப்படி. என் மதியத் தூக்கம் போயிற்று, எதிர்வீட்டு மல்லிகா அக்காவோடு பேசுகிற பேச்சு போயிற்று, டிவியில் என்ன ஓடுகிறது என்றே தெரியாது. இப்போது மதியமெல்லாம் எனக்குத்தான். தூங்கு என்றால் தூக்கம் வருகிறதா? அதுவும் இல்லை.

அந்த எர்லிங் இருக்கிறானே, உங்கள் நார்வேக்காரன், எதைச் சேர்ப்பது எதைச் சேர்க்கக்கூடாது என்று முடிவு பண்ணுகிறவன், அவன் ஒரு தடவை எழுதினான், 'இந்த லிஸ்ட்டிலேயே மிஸ்டர் தணிகாசலத்தின் கடிதங்கள்தான் படிக்கப் படிக்கத் தெளிவாக இருக்கின்றன' என்று. இவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடிவந்தார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "பாரு பிரமிளா, உன்னைத்தான் சொல்றான்!" என்றார். என் பெயர் அதில் எங்கே இருக்கிறது? மிஸ்டர் தணிகாசலம் என்று இருக்கிறது.

இல்லை, நியாயமாகச் சொல்லவேண்டும் என்றால், அவர் கேட்டார். அங்கே ஒரு வழக்கம் இருக்கிறதாமே, யார் யார் கை பட்டதோ அவர்கள் பெயரெல்லாம் கீழே ஒரு வரி போடவேண்டும் என்று. "உன் பேரையும் போடட்டுமா?" என்றார். "எனக்கு எதுக்குங்க அந்தப் பெருமையெல்லாம்" என்றேன். சரி என்று விட்டுவிட்டார். ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டார். நீயே சொல், ஒரு பெண்பிள்ளை வேண்டாம் என்றால் இன்னொரு தடவை கேட்கமாட்டார்களா? எங்கள் வீட்டில் விருந்தாளி போதும் போதும் என்று இலையைக் கையால் மறைப்பார், அப்புறம்தான் இரண்டாவது கரண்டியே விழும்.

சரி. அந்த எர்லிங் ஏழு தடவை திருப்பி அனுப்பினான். ஒரு தடவை இது நீளம், ஒரு தடவை இது சுருக்கம், ஒரு தடவை ஒன்பதாவதை மூன்றாவதுக்கு முன்னால் வை. இன்னொருத்தன் வந்து, 'அந்த ஒரு நொடி காத்திருப்பது எதற்கு, மெஷின் எழுந்திருக்கத் தாமதமாகிறது, அதை எடுத்துவிடுங்கள்' என்றான். இவர் எதற்கும் வளைந்துகொடுப்பார், அதற்கு மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். "கேட்டுட்டுக் காத்திருக்கலைன்னா எதுக்குக் கேக்கணும்?" என்றார். அதை நான் எவ்வளவு அழகாக இங்கிலீஷில் எழுதினேன் தெரியுமா? எர்லிங்கே அதற்குச் சம்மதித்தான்.

எட்டாவது தடவை எர்லிங் எழுதினான், 'எனக்குத் திருப்தி. பதினான்கு நாள் வைத்திருப்பேன். யாரும் மறுத்துப் பேசவில்லை என்றால் நாற்பத்தொன்றையும் சேர்த்துவிடுவேன்.' இவர் வெளியே போய் அரை கிலோ முந்திரி பக்கோடா வாங்கிவந்தார். அல்சரை வைத்துக்கொண்டு.

நான் கேட்டேன், "இது என்னங்க ஏற்பாடு? யாரும் பேசலைன்னா சரின்னு அர்த்தமா?"

"அதான் வழக்கம். பேசாம இருந்தா ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம்."

இந்த வழக்கம் எனக்குப் புதிது இல்லை, நஸ்ரீன். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் என் அப்பா கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "முசிறி ஜாதகம் பொருந்தியிருக்கு, என்னம்மா சொல்ற?" என்று கேட்டார். எனக்கு மதுரையில் ஒரு ஸ்கூலில் டீச்சர் வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. அது என் கையில் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் ஒருத்தர் பேசாமல் இருப்பதற்குச் சம்மதம் என்று அர்த்தம் என்றால் நான் நம்பமாட்டேன். செத்தாலும் நம்பமாட்டேன்.

முதல் நாள் யாரும் பேசவில்லை. இரண்டாம் நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், ஆறாம் நாள். இவர் பாட்டுக்கு நிம்மதியாக முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருஷம்! நாற்பத்தொரு கடிதம், அதுவும் எட்டெட்டுத் தடவை! ஒரு மனுஷன், நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை? "பேசாம இருக்கறதுதான் நல்லது. வாயைத் திறந்தாதான் வம்பு" என்கிறார் இவர். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பத்தாம் நாள் துறையூருக்குப் போய்விட்டார், தம்பி மகள் கல்யாணம், மூன்று நாள். நான் போகவில்லை. எனக்கும் என் ஓரகத்திக்கும் ஆகாது. அது வேறு கதை, அதிலும் தப்பு என் பேரில் இல்லை. லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போனார். கடிதம் அனுப்புவது எப்போதும் நான்தானே, பாஸ்வேர்டெல்லாம் என்னிடம்தான்.

பதினோராம் நாள். மதியம் இரண்டு மணி. கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது, போய் உட்கார்ந்து லிஸ்ட்டைத் திறந்தேன். அன்றைக்குப் பார்த்து செக் தேசத்துப் பையன் ஒருத்தன் உதவிப் பக்கத்தில் ஒரு காற்புள்ளியை இடம் மாற்றி அனுப்பியிருந்தான். ஒரு காற்புள்ளி! அதற்கு ஐந்து பேர். 'நன்றி', 'நல்ல கண்', 'உடனே சேர்த்துவிட்டேன்'. அதற்குக் கீழே எங்களுடைய நாற்பத்தொன்று, பதினோரு நாளாக, வாசலில் நிற்கிற பால்காரன் மாதிரி.

எழுதினேன். ஆமாம், நான்தான். என்ன அப்படிப் பார்க்கிறாய்? அந்தக் கடிதம் அவர் எழுதியது இல்லை. நீ நினைத்தது, அங்கே எல்லாரும் நினைத்தது, எல்லாம் தப்பு. மூன்றே பத்தி. இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் அதில் ஒரு பிழை கண்டுபிடிக்கமுடியாது. 'பதினோரு நாட்களாக உங்கள் கதவுக்கு வெளியே நிற்கிறேன். ஒரு காற்புள்ளிக்குக் கிடைக்கிற மரியாதை ஆறு வருட உழைப்புக்குக் கிடைக்கவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லும் பண்பு உங்களில் ஒருவருக்கும் இல்லையா? நாற்பத்தொன்றையும் இத்துடன் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.' கீழே அவர் பெயர். வழக்கம்போல.

திரும்பப் பெறுகிறேன் என்று ஏன் எழுதினேன் என்றால், அட, நீயும் தமிழ்நாட்டுப் பெண்தானே, உனக்குச் சொல்லவேண்டுமா? கல்யாண வீட்டில் என் பெரியப்பா பந்தியில் அப்பளம் வரவில்லை என்று எழுந்து செருப்பை மாட்டுவார். போவதற்காகவா மாட்டுவார்? நாலு பேர் ஓடிவந்து கையைப் பிடித்து, "அண்ணே, என்னண்ணே இது, நீங்க போனா எப்படி" என்று கெஞ்சுவார்கள். அவரும் இரண்டு தடவை உதறிவிட்டு வந்து உட்காருவார். அதற்கப்புறம் அப்பளம் அவருக்குத்தான் முதலில் வரும். அதுதானே முறை? திரும்பப் பெறுகிறேன் என்றால் ஐயோ வேண்டாம் என்று சொல்வார்கள் என்றுதான் எழுதினேன்.

இருபது நிமிஷத்தில் பதில் வந்தது. எர்லிங். 'புரிகிறது. உங்கள் முடிவை மதிக்கிறேன். இத்தனை வருட உழைப்புக்கு நன்றி.'

அவ்வளவுதான். ஒருத்தன் கையைப் பிடிக்கவில்லை! செருப்பை மாட்டினால் கதவைத் திறந்துவிடுகிற ஜாதி. பதினோரு நாளாகத் திறக்காத வாய், போகிறேன் என்றதும் இருபது நிமிஷத்தில் திறக்கிறது. நான் லேப்டாப்பை மூடிவிட்டு மாவு ஆட்டப் போனேன். வேறு என்ன செய்ய?

போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம் என்கிறாய். கல்யாண வீட்டில் இருக்கிற மனுஷனுக்கு எதற்கு என்று விட்டேன். மறுநாள் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாளும் விட்டேன். அவர் போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனார், "லிஸ்ட்ல ஏதாவது வந்தா போன் பண்ணு. நீயா எதுவும் எழுதிடாதே" என்று. அவர் ஆயிரம் சொல்வார். எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமா?

வந்தார். கையில் தாம்பூலப் பையோடு நின்றபடியே லேப்டாப்பைத் திறந்தார். உட்காரவில்லை. தேங்காய்ப் பையைக் கீழே வைக்கவும் இல்லை. எர்லிங் தனியாக வேறு ஒன்று எழுதியிருந்தான், 'உங்கள் கடைசிக் கடிதம் நீங்கள் எழுதியதுபோல் இல்லை. நீங்கள்தானா என்று கேட்கலாமா?' இதை நீ கேள், நஸ்ரீன். ஆறு வருஷம் அவன் படித்ததெல்லாம் நான் எழுதியது. இதுவும் நான் எழுதியது. அப்புறம் இது மட்டும் எப்படி அவர் எழுதியதுபோல் இல்லாமல் போகும்? இன்றுவரை எனக்கு அது விளங்கவில்லை.

இவர் என்ன செய்தார் தெரியுமா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பதில் எழுதினார். ஆறு வருஷத்தில் என் கண்ணில் படாமல் அவர் அனுப்பிய ஒரே கடிதம். அனுப்பினவற்றில் இருக்கும் என்று மறுநாள் போய்த் தேடிப் பார்த்தேன். 'எஸ் சார். ஐ ஆம் ரைட் இட். சாரி.' அவ்வளவுதான். அந்த மூன்று வரியில் எத்தனை தப்பு! என்னிடம் காட்டியிருந்தால் திருத்திக் கொடுத்திருக்கமாட்டேனா? 'என் மனைவி எழுதிவிட்டாள், எனக்குத் தெரியாது' என்று எழுதச் சொன்னால் அதையும் எழுதிக் கொடுத்திருப்பேன். என் மானம் போனால் போகட்டும், நார்வேயில் என்னை யாருக்குத் தெரியும்? அதைச் செய்யவில்லை. தன் பெயரிலேயே போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே சொன்னார், மூன்று நாள் சும்மா இருந்திருந்தால் போதும் என்று.

அதற்கப்புறம் மாடி. சாப்பாட்டு நேரத்துக்கு இறங்கி வருவார், சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார். நான் ஒருநாளும் அவரைத் தட்டுக் கழுவச் சொன்னதில்லை. பேசவே மாட்டார் என்று சொல்லக்கூடாது. கேஸ் வந்தால் "கேஸ்" என்பார். மல்லிகா அக்கா வந்தால் "அக்கா" என்பார். ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு. ரேஷன் மாதிரி.

அவர் வேலையை வெளியே போட்டுவிட்டு, இன்னொருத்தன் அவசரமாக எழுதினதை உள்ளே போட்டீர்கள். அந்த ஒரு நொடி வேண்டாம் என்றானே, அவன்தான். நான் படித்தேன். லிஸ்ட்டை இப்போதும் தினமும் படிக்கிறேன், என்ன செய்வது, பழகிவிட்டது. அந்தப் பையனுடைய கடிதத்தைப் பார்த்தாயா? நாலு வரி. நாலிலும் எழுவாய் ஒரு பக்கம் பயனிலை ஒரு பக்கம்.

இப்போது நீ வந்து, அது சரியில்லை என்கிறாய். இரு, நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். நீ ஏதோ ஸ்கூலுக்கு லேப் போட்டுக் கொடுத்திருக்கிறாய், நாற்பது பழைய கம்ப்யூட்டர், எல்லாவற்றிலும் ஹெரான். ஒன்றில் தயார் பண்ணி, அதையே அப்படியே நாற்பதுக்கும் நகல் எடுத்தது. காலையில் பிள்ளைகள் வந்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால், நாற்பதும் ஒரே முகவரியை நினைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், ஒரு நொடிகூடக் காத்திருக்காமல் எனது எனது என்று எடுத்துக்கொள்கிறது. ஒன்றும் ஓடவில்லை. அதானே? கேட்டுவிட்டுக் காத்திருக்கத் தெரியாத கூட்டத்தை ஒரே அறையில் அடைத்தால் அப்படித்தான் ஆகும். இதை அவர் ஆறு வருஷமாகச் சொன்னார். நான்தான் இங்கிலீஷில் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை புதுப் பதிப்பை மூடுகிறார்கள், அதற்குள் அவர் வாயால் சரி என்று சொன்னால் நாற்பத்தொன்றையும் எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் அந்தப் பையனுடையதையும் எடுத்துவிடுவார்கள், இந்தப் பதிப்பில் புது முகவரியே கிடையாது. இதுதானே? நாளை மறுநாள்.

எர்லிங் என்ன சொன்னான் என்றாய்?

பதினோராம் நாளேவா?

எல்லாவற்றையும் ஏற்கெனவே தன் மெஷினில் சேர்த்து, ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று வைத்திருந்தானா? தேதி வருவதற்காகத்தான்...

காபி ஆறிப்போய்விட்டது. கொடு. சூடு பண்ணித் தருகிறேன். இல்லை, கொடும்மா, ஆறின காபியை யார் குடிப்பார்கள்.

இந்தா. சர்க்கரை போதுமா?

அவன் அதை ஒரு வரி எழுதியிருக்கலாம். 'சேர்த்து வைத்திருக்கிறேன், பொறுங்கள்' என்று ஒரு வரி. கை தேய்ந்துவிடுமா? சரி, விடு. நடந்தது நடந்துவிட்டது. நான் ஒன்று சொல்கிறேன். பாஸ்வேர்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவர் மாற்றவில்லை, அதற்கெல்லாம் அவருக்கு சாமர்த்தியம் போதாது. நாற்பத்தொன்றும் பத்திரமாக இருக்கிறது. இப்போதே உட்கார்ந்து அவர் பெயரில் ஒரு நல்ல கடிதம் எழுதி அனுப்பிவிடட்டுமா? பத்து நிமிஷம். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லையே! உங்கள் வழக்கப்படி பார்த்தால்...

ஏன் முகம் மாறுகிறது?

"வேணாம் ஆன்ட்டி, அவரே சொல்லணும்." சரி. சரிம்மா. எல்லாரும் இதையே சொல்லுங்கள். நான் எழுதினால்தான் தப்பு.

வா, மாடிப்படிக்கிட்டே வா. மேலே போகாதே, அறைக்குள் யார் வந்தாலும் அவருக்குப் பிடிக்காது. இங்கேயே நில். நான் கூப்பிடுகிறேன்.

"என்னங்க! சென்னையிலேருந்து வந்திருக்காங்க. ஹெரான்லேருந்து. உங்களைப் பார்க்கணுமாம்."

இப்படித்தான். காதில் விழுந்திருக்கும். நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டாயா? விழித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

"என்னங்க, உங்களோடதுதான் சரின்னு சொல்றாங்க. அந்த ஒரு நொடி வேணுமாம். எர்லிங்கே கேட்டு அனுப்பியிருக்கான். வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொன்னா போதுமாம். உங்க வாயால. நான் எழுதமாட்டேன்."

பேசாதே நஸ்ரீன். நீ குரல் கொடுத்தால் இறங்கிவந்துவிடுவார், எனக்குத் தெரியும், வெளியாட்களிடம் ரொம்ப மரியாதை. அவர் எனக்குப் பதில் சொல்லட்டும். இரு. ஒரு நொடி போதும் என்பார் அவர். நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கிறேன், பார்.

நின்றுகொண்டுதானே இருக்கிறேன்.

"ஏங்க, நான்தான் எழுதினேன்னு இந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். நீங்க இல்லைன்னு சொல்லிட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லச் சொல்றேன்."

விசிறி ஓடுகிற சத்தம்தான். வேறு ஒன்றும் இல்லை.

"ஏங்க, இறங்கி வாங்க. வரப் பிடிக்கலைன்னா வேண்டாம். வேண்டாம்னாவது ஒரு வார்த்தை சொல்லுங்க."